அத்தையின் கோப்பும் மைசூர் பேரேடும்

மேல்கோட்டையில் என் அத்தையின் வீடு கல்யாணி தெப்பக்குளத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்தால் யோக நரசிம்மர் மலை தெரியும். மைசூரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர், மாவட்டம் மண்டியா. வைணவர்கள் திருநாராயணபுரம் என்று சொல்லும் இந்த ஊரில் இராமானுசர் பல ஆண்டுகள் தங்கியிருந்தார். அந்தத் தொடர்பால் இன்றும் இங்கே சில வீடுகளில் வாசலில் கன்னடமும் சமையலறையில் தமிழும் பேசுகிறார்கள். ஊரின் இன்னொரு புகழ் புளியோதரை. செல்வநாராயணரைச் சேவித்துவிட்டு வருகிறவர்கள் தொன்னையில் அதை வாங்கிச் சாப்பிடாமல் ஊர் திரும்புவதில்லை.

சென்ற முறை போனபோது அத்தை எனக்குப் புளியோதரை பரிமாறினாள். தான் தொடவில்லை.

"எனக்கு ஆகாதாம்டா. அரிசி ஆகாது, துவரம்பருப்பு ஆகாது, புளி ஆகாது, பால் ஆகாது. ரிப்போர்ட்ல வந்திருக்கு. சாப்பிட உட்கார்ந்தாலே பயமா இருக்கு."

உள்ளே போய் ஒரு தடித்த கோப்பை எடுத்துவந்தாள். 84 இரத்த, சிறுநீர், உமிழ்நீர்ச் சோதனைகள். அவற்றில் 17 முடிவுகள் சிவப்பு எழுத்தில். உணவு ஒவ்வாமை என்று தலைப்பிட்ட இரண்டு பக்கப் பட்டியல். கடைசித் தாளில் காலை, மதியம், இரவு என்று பிரித்து 11 வகை மாத்திரைகளும் பொடிகளும்.

அத்தைக்கு 14 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாள். தைராய்டுக்கும் மாத்திரை உண்டு. இரண்டு ஆண்டுகளாகப் பாதங்களில் எரிச்சல். இரவில் யாரோ ஊசியால் குத்துவதுபோல் இருக்கும். பக்கத்து ஊர் மருத்துவரிடம் சொல்லியிருக்கிறாள். கூட்டம் அதிகம்; "வயசாச்சு, சுகர் வேற இருக்கு, அப்படித்தாம்மா இருக்கும்" என்று சொல்லி வலி மாத்திரை எழுதினார். பிறகு உறவுக்காரப் பெண் ஒருத்தி நகரத்தில் ஃபங்ஷனல் மெடிசின், அதாவது செயல்பாட்டு மருத்துவம், பார்க்கும் ஒருவரைக் காணொளியில் பேசவைத்தாள்.

"ஒன்றரை மணி நேரம் பேசினார்டா. நான் பொறந்ததுலேர்ந்து கேட்டார். என் கதையை முழுசா கேட்டவர் அவர் ஒருத்தர்தான்."

செயல்பாட்டு மருத்துவம் நம்பத்தக்கதா என்ற கேள்வியை அத்தையின் இந்த வாக்கியத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். முழுதாகக் கேட்கப்படுவது ஒரு நோயாளிக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை மறந்துவிட்டு இதை எடைபோட்டால் தராசே தவறாகிவிடும். 67 நாடுகளில் மருத்துவர்–நோயாளி சந்திப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று தொகுத்த ஓர் ஆய்வு 2017-ல் வெளியானது. சுவீடனில் 22 நிமிடத்துக்கு மேல். வங்கதேசத்தில் 48 விநாடி. உலக மக்கள்தொகையில் பாதிப் பேர் வாழும் 18 நாடுகளில் சராசரி ஐந்து நிமிடமோ அதற்கும் குறைவோதான். அந்த ஐந்து நிமிடத்தில் கேட்கப்படாமல் போன கதைகள் வேறு கதவைத் தட்டுகின்றன.

கேள்வி சரியானதே

செயல்பாட்டு மருத்துவத்துக்கு வடிவம் கொடுத்தவர் ஜெஃப்ரி பிளாண்ட் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர். 1991-ல் அவரும் அவர் மனைவி சூசனும் இதற்காக ஒரு கல்வி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2014-ல் அமெரிக்காவின் புகழ்பெற்ற கிளீவ்லாண்ட் கிளினிக் இதற்கென ஒரு மையத்தையே திறந்தது. அதன் பிறகு உலகெங்கும் பரவி, இன்று பெங்களூரு, சென்னை, மைசூரு எனக் கைப்பேசித் திரையில் எல்லா ஊருக்கும் வந்துவிட்டது.

அதன் அடிப்படைக் கூற்று எளிமையானது. நோய்க்குப் பெயர் வைத்து மாத்திரை கொடுப்பதோடு நிற்காமல், நோயின் மூலகாரணத்தைத் தேட வேண்டும். உணவு, தூக்கம், மன அழுத்தம், குடல், மரபு, சுற்றுச்சூழல் எல்லாவற்றையும் ஒரே வலையாகப் பார்க்க வேண்டும். ஒவ்வொருவர் உடலும் வேறு என்பதால் சிகிச்சையும் ஆளுக்கேற்ப அமைய வேண்டும்.

இதில் மறுக்க என்ன இருக்கிறது? நோய்முதல் நாடுவது தமிழருக்குப் புதிய பாடமும் இல்லை. ஆனால் மூலகாரணத்தைத் தேடுவோம் என்று சொல்வது ஒன்று. தேடிக் கண்டுபிடிப்பது வேறொன்று. இரண்டாவதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதைக் காட்டும் கதை, அத்தை வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கிறது.

மைசூர் பேரேடு

மைசூரு மண்டி மொகல்லாவில் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை என்ற பழைய மிஷன் மருத்துவமனை உண்டு. ஊர்க்காரர்களுக்கு அது மிஷன் ஆஸ்பத்திரி. 1934 முதல் அங்கே பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச்சுற்றளவு ஆகியவற்றைச் செவிலியர்கள் பேரேட்டில் எழுதிவைத்தார்கள். எதற்குப் பயன்படும் என்று அவர்களுக்குத் தெரியாது. எழுத வேண்டியதை ஒழுங்காக எழுதினார்கள், அவ்வளவுதான்.

1980-களின் இறுதியில் டேவிட் பார்க்கர் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் கிடைத்த இதுபோன்ற பழைய ஏடுகளைக் கொண்டு ஒரு விசித்திரமான தொடர்பைக் காட்டினார். எடை குறைந்து பிறந்தவர்கள் பிற்காலத்தில் இதய நோயால் அதிகம் இறந்தார்கள். இந்தியாவிலும் இப்படியா என்ற கேள்வியோடு அவருடைய குழுவினர் மைசூருக்கு வந்தார்கள். பேரேட்டில் இருந்த பெயர்களுக்கு உரியவர்களை ஊருக்குள் தேடிக் கண்டுபிடித்தார்கள். 1934-க்கும் 1954-க்கும் இடையில் அங்கே பிறந்த 517 பேரைப் பரிசோதித்த முடிவு 1996-ல் லான்செட் இதழில் வெளியானது. இரண்டரை கிலோவோ அதற்கும் குறைவாகவோ பிறந்தவர்களிடம் இதயத் தமனி நோய் 11 விழுக்காடு. மூன்று கிலோவுக்கு மேல் பிறந்தவர்களிடம் 3 விழுக்காடு. 45 வயதைத் தாண்டியவர்களில் இந்தத் தொடர்பு இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது; எடை குறைந்து பிறந்து, தாயின் எடையும் 45 கிலோவுக்குக் குறைவாக இருந்தவர்களிடம்தான் நோய் மிக அதிகம்.

ஐம்பது வயதில் வரும் மாரடைப்பின் ஒரு வேர், தாயின் வயிற்றில் பட்ட பசியில் இருக்கக்கூடும். இதைவிட ஆழமான மூலகாரணத் தேடல் எது? இதைச் செய்தது வழக்கமான மருத்துவ அறிவியல். நூற்றுக்கணக்கானோரை ஒப்பிட்டு, பல பத்தாண்டு பழமையான பதிவுகளைச் சரிபார்த்து, அதன் பிறகும் அடக்கமாகவே சொன்னது: இது ஒரு தொடர்பு, காரணம் என்று உறுதியாகச் சொல்ல மேலும் ஆய்வு வேண்டும்.

அந்த மேலும் ஆய்வு 1997-ல் அதே மருத்துவமனையில் தொடங்கியது. கருவுற்ற பெண்களைச் சேர்த்து, அவர்களையும் பிறந்த குழந்தைகளையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். கரோலின் ஃபாலும் மைசூரின் ஜி.வி. கிருஷ்ணவேணியும் அவர்களுடைய குழுவினரும் வெளியிட்ட இரண்டு முடிவுகளை இங்கே அருகருகே வைக்க விரும்புகிறேன். இரண்டும் 2009-ல் வந்தவை. அத்தையின் கோப்பை எப்படிப் படிக்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவை.

முதலாவது வைட்டமின் பி12 பற்றியது. பரிசோதித்த 785 பெண்களில் 43 விழுக்காட்டினருக்கு பி12 குறைவு. குறைவு இருந்தவர்களில் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் 8.7 விழுக்காடு, குறைவு இல்லாதவர்களில் 4.6 விழுக்காடு. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஒரு விளம்பரத்துக்கு இவ்வளவு போதும். ஆய்வாளர்களுக்குப் போதவில்லை. பி12 குறைந்தவர்களின் உடல் பருமனும் அதிகமாக இருந்தது. பருமனே சர்க்கரை நோயைக் கொண்டுவரும். எனவே பருமனின் பங்கைக் கழித்துவிட்டுக் கணக்கிட்டார்கள். வேறுபாடு புள்ளியியல் உறுதியை இழந்தது. அதையும் அதே கட்டுரையில், அதே சுருக்கத்தில் எழுதினார்கள்.

இரண்டாவது வைட்டமின் டி பற்றியது. 559 பெண்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு அது குறைவு. வைட்டமின் டி குறைந்தால் இன்சுலின் வேலை பாதிக்கப்படும் என்பதற்கு உயிர்வேதியியல் விளக்கம் நிறைய உண்டு. ஆனால் மைசூர்ப் பெண்களில் குறைவு இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் ஒரே அளவில், 7 விழுக்காடு, இருந்தது. குழந்தையின் எடையிலும் வேறுபாடு இல்லை. எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்பதையே தலைப்பாக வைத்து வெளியிட்டார்கள்.

குறைபாடு இருப்பது உண்மை. அது நோய்க்குக் காரணமாக இருக்கலாம் என்ற விளக்கமும் அழகானது. இரண்டும் சேர்ந்தும் காரணத்தை நிறுவிவிடாது. ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஒப்பீடு 'இல்லை' என்று காட்டினால் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். செயல்பாட்டு மருத்துவத்தின் பெரும்பகுதி இந்த ஒப்பீட்டுப் படியை ஏறாமலே மருந்துப் பட்டியலுக்குத் தாவிவிடுகிறது. என் மனக்குறை அங்கேதான்.

84 சோதனைகள், 17 சிவப்பு எழுத்துகள்

ஆய்வகத் தாளில் இயல்பு அளவு என்று ஓர் எல்லை அச்சிடப்பட்டிருக்கும். அது எப்படி வருகிறது? நலமாக உள்ள பலரைச் சோதித்து, அவர்களில் நடுவில் விழும் 95 விழுக்காட்டினரின் அளவை எல்லையாக வைப்பது வழக்கம். அப்படியானால் முற்றிலும் நலமாக உள்ள நூறு பேரில் ஐந்து பேர் அந்த எல்லைக்கு வெளியே விழுந்தே தீருவார்கள். அவர்களுக்கு நோய் இல்லை. கணக்கின் அமைப்பு அப்படி.

இதே கணக்கை ஒரே ஆளுக்குப் போடுங்கள். ஒன்றையொன்று சாராத 20 சோதனைகள் செய்தால், நோயே இல்லாத ஒருவருக்கு ஒரு சிவப்பு எழுத்தாவது வருவதற்கான வாய்ப்பு 64 விழுக்காடு. 84 சோதனைகள் செய்தால் எல்லாமே கறுப்பில் வருவதற்கான வாய்ப்பு நூற்றில் ஒன்றரை கூட இல்லை. சராசரியாக நான்கு சிவப்பு எழுத்துகள் தற்செயலாகவே வரும். இயல்பு அளவை விட்டுவிட்டு 'உகந்த அளவு' என்று எல்லையை இன்னும் குறுக்கினால் சிவப்பு பெருகும். அத்தையின் கோப்பில் நடந்தது அதுதான். ஐயத்துக்குரிய நோயை மனத்தில் வைத்துச் செய்யும் சோதனை ஒரு விளக்கு. எதையும் மனத்தில் வைக்காமல் எல்லாவற்றையும் சோதிப்பது பனிமூட்டம்.

அடுத்து அந்த உணவுப் பட்டியல். உணவுக்கு எதிரான ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளை அளந்து, அதிகமாக இருந்த உணவுகளை விலக்கச் சொல்லியிருந்தார்கள். உடனடி உணவு ஒவ்வாமையில் பங்கேற்பது ஐஜிஇ என்ற வேறொரு எதிர்ப்பொருள். ஐஜிஜி, அதிலும் அதன் நான்காம் வகை, ஓர் உணவைத் தொடர்ந்து சாப்பிட்டு உடல் அதற்குப் பழகியிருப்பதைக் காட்டுகிறது. ஐரோப்பிய ஒவ்வாமையியல் அமைப்பு 2008-லும் கனடாவின் அமைப்பு 2012-லும் உணவு ஒவ்வாமையைக் கண்டறிய இந்தச் சோதனையைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டன. அமெரிக்க ஒவ்வாமை மருத்துவர்களின் நிலைப்பாடும் அதுவே.

அத்தை எழுபது ஆண்டுகளாக அரிசியும் பருப்பும் புளியும் தயிரும் சாப்பிட்டவள். அந்தப் பட்டியல் அவளுக்குக் காட்டியது அவள் பிறந்த ஊரின் அடுக்களையை. அதை நோய் என்று படித்துவிட்டார்கள்.

உமிழ்நீரில் கார்ட்டிசால் அளந்து 'அட்ரினல் சோர்வு' என்றும் எழுதியிருந்தார்கள். அட்ரினல் சுரப்பி உண்மையாகவே பழுதாகும் அடிசன் நோய் உண்டு. அது உயிருக்கே ஆபத்தானது, தெளிவான சோதனைகள் கொண்டது. மன அழுத்தத்தால் அட்ரினல் களைத்துவிடும் என்ற கருத்தை 58 ஆய்வுகளைத் திரட்டிப் பரிசீலித்த பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் 2016-ல், அதற்கு ஆதாரம் இல்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். அத்தையின் களைப்பு பொய்யில்லை. அதற்குச் சூட்டப்பட்ட பெயர்தான் ஆதாரமற்றது.

நல்லது என்று தெரிவது நல்லதாகவே முடியுமா?

"மாத்திரைதானே, வைட்டமின்தானே, நல்லது செய்யாவிட்டாலும் கெடுதல் செய்யாது" என்று பலர் நினைக்கிறோம். பின்லாந்தில் நடந்த ஒரு சோதனை இந்த நினைப்பை மாற்றியது. காய்கறி அதிகம் உண்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு; அவர்கள் இரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகம்; அது செல்களைக் காக்கும் பொருள். எனவே அதை மாத்திரையாகக் கொடுத்தால் புற்றுநோய் குறைய வேண்டும். குறையே சொல்ல முடியாத தர்க்கம். புகைபிடிக்கும் 29,133 ஆண்களுக்குக் குலுக்கல் முறையில் மாத்திரையும் வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 1994-ல் வெளியான முடிவு: பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு அதிகம். அமெரிக்காவில் நடந்த இன்னொரு சோதனையை 1996-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள். அங்கே 28 விழுக்காடு அதிகம்.

வெற்று மாத்திரைக் குழு இல்லாமல் இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. ஒவ்வொரு மருத்துவரும் தம் நோயாளிகளை மட்டும் பார்த்திருந்தால், கூடுதலாக வந்த புற்றுநோய்களைப் புகையின் கணக்கில் எழுதிவிட்டு, நல்ல எண்ணத்தோடு மாத்திரையைத் தொடர்ந்து கொடுத்திருப்பார்கள்.

அத்தைக்கும் ஒரு கெடுதல் நேர இருந்தது. பதினொன்றில் ஒன்று முடிக்கும் நகத்துக்குமான பயோட்டின், 10 மில்லிகிராம். ஒரு நாளைக்கு நம் உடலுக்கு வேண்டியது ஏறத்தாழ 30 மைக்ரோகிராம். அவள் அதைப்போல முந்நூறு மடங்குக்கு மேல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பயோட்டின் விஷமில்லை. ஆனால் பல ஆய்வகங்களில் ஹார்மோன் அளக்கும் முறையே பயோட்டினின் ஒட்டும் தன்மையை வைத்து இயங்குகிறது. இரத்தத்தில் அது மிதமிஞ்சி இருந்தால், தைராய்டு மிகையாகச் சுரப்பதுபோல் அறிக்கை பொய் சொல்லும். மாரடைப்பைக் காட்டும் டிரோபோனின் சோதனையும் தவறலாம். அப்படித் தவறாகக் குறைந்து காட்டிய டிரோபோனின் முடிவைத் தொடர்ந்து ஒரு நோயாளி இறந்ததைக் குறிப்பிட்டு அமெரிக்க உணவு–மருந்து நிர்வாகம் 2017-ல் எச்சரிக்கை வெளியிட்டது. அத்தையின் அறிக்கையைப் பார்த்துவிட்டு அவளுடைய தைராய்டு மாத்திரையைப் பாதியாகக் குறைக்க இருந்தார்கள். பயோட்டினை ஒரு வாரம் நிறுத்திவிட்டு மறுபடி சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்தது.

இந்தியாவில் இந்த ஊட்டப் பொருள்கள் பெரும்பாலும் மருந்துச் சட்டத்தின்கீழ் வருவதில்லை; உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின்கீழ் வருகின்றன. மருத்துவப் பயன்பாட்டுக்கானது இல்லை என்ற வாசகம் டப்பாவில் அச்சிடப்பட வேண்டும் என்பது விதி. மருத்துவச் சீட்டில் எழுதித் தருகிறார்கள். டப்பாவோ தான் மருந்தில்லை என்கிறது. வாசகர்கள் அடுத்த முறை டப்பாவைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

ஆதாரம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது?

செயல்பாட்டு மருத்துவத்துக்கு ஆதரவாக அதிகம் காட்டப்படும் ஆய்வு கிளீவ்லாண்ட் கிளினிக்கிலிருந்து 2019-ல் வந்தது. அங்குள்ள செயல்பாட்டு மருத்துவ மையத்துக்கு வந்த 1,595 பேரையும் குடும்பநல மையத்துக்கு வந்த 5,657 பேரையும் எடுத்து, ஒத்த தன்மை உடையவர்களைப் பொருத்தி ஒப்பிட்டார்கள். தம் உடல்நலத்துக்கு நோயாளிகளே தரும் மதிப்பெண் ஆறு மாதத்தில் முதல் குழுவில் சராசரியாக 1.59 புள்ளியும் இரண்டாவதில் 0.33 புள்ளியும் உயர்ந்திருந்தது. பன்னிரண்டாம் மாதத்தில் இரு குழுவுக்கும் இடையே உறுதியான வேறுபாடு காணப்படவில்லை.

இதை நேர்மையாகப் படித்தால் இரண்டையும் சொல்ல வேண்டும். பயன் சிறிதளவு தெரிகிறது. ஆனால் யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது குலுக்கலில் முடிவாகவில்லை. நம்பிக்கையோடு தேடிப் போனவர்கள் ஒரு பக்கம் இருந்தார்கள். ஆறு மாதத் தேற்றம் கூடுதல் நேரத்தால் வந்ததா, உணவு மாற்றத்தால் வந்ததா, மாத்திரைகளால் வந்ததா என்று பிரித்தறிய வழியில்லை. அமெரிக்கக் குடும்ப மருத்துவர்கள் சங்கம் 2014-ல் செயல்பாட்டு மருத்துவ வகுப்புகளுக்குப் பயிற்சி மதிப்பெண் தருவதை நிறுத்தியது. 2018-ல் அறிமுக வகுப்புகளுக்கு மட்டும் ஓரளவு தளர்த்தியது. இந்தியாவில் தேசிய மருத்துவ ஆணையம் அங்கீகரித்த மேற்படிப்புகளில் இப்படி ஒரு துறை இல்லை. பெயர்ப்பலகை மாட்டியவர் எம்.பி.பி.எஸ். படித்தவராக இருக்கலாம், இணையத்தில் சில மாதம் படித்துச் சான்றிதழ் வாங்கியவராகவும் இருக்கலாம்.

இங்கே ஒரு தவறான எதிர்நிலையைக் கலைக்க வேண்டும். உணவையும் உடற்பயிற்சியையும் பற்றி அக்கறைப்படுவது செயல்பாட்டு மருத்துவம் மட்டுமே, மற்றவர்கள் மாத்திரை எழுதுகிறவர்கள் என்ற எதிர்நிலை அது. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வை நினைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை நான்கு குழுவாகக் குலுக்கிப் பிரித்தார்கள். 2006-ல் முடிவு வந்தது. மூன்று ஆண்டில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. உணவைத் திருத்தி, தினமும் அரை மணி நேரம் வேகமாக நடந்தவர்களில் 39.3 விழுக்காடு. மெட்ஃபார்மின் எடுத்தவர்களில் 40.5 விழுக்காடு. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கும் கூடுதல் பயன் இல்லை, 39.5 விழுக்காடு. நடையும் உணவும் மாத்திரைக்கு ஈடாக நின்றன. இதற்கு 84 சோதனை தேவைப்படவில்லை, பதினொரு டப்பா தேவைப்படவில்லை.

செயல்பாட்டு மருத்துவத்தில் பயன் தரும் பகுதி பெரும்பாலும் இதுதான்: நல்ல உணவு, நடை, தூக்கம், கவனித்துக் கேட்கும் காது. அவை ஏற்கெனவே ஆதாரத்தோடு நிறுவப்பட்டவை. எந்தப் பெயர்ப்பலகைக்கும் தனிச் சொத்து அல்ல. அந்த அணுகுமுறைக்கே உரிய தனிச் சரக்காக எஞ்சுவது நீண்ட சோதனைப் பட்டியலும் விலைகூடிய ஊட்டப் பொருள்களும். ஆதாரம் மெலிந்து கிடப்பது அவற்றுக்குத்தான்.

பதினேழில் ஒன்று

அன்று மாலை திண்ணையில் கோப்பை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். பதினேழு சிவப்பு எழுத்துகளில் பன்னிரண்டாவது, வைட்டமின் பி12. உகந்த அளவுக்கு மட்டுமல்ல, எந்த ஆய்வகத்தின் இயல்பு அளவுக்கும் கீழே, மிகக் குறைவாக இருந்தது. அதற்கென்று தனி மருந்து எழுதப்படவில்லை. ஏதோ ஒரு கலவைப் பொடியில் சிறிது இருந்தது.

மெட்ஃபார்மினை நீண்ட காலம் எடுத்தால் குடல் பி12-ஐ உறிஞ்சுவது குறையக்கூடும். பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-ல் இதை அடிக்கடி நேரும் பக்கவிளைவு என்றே அறிவித்து, ஆபத்து உள்ளவர்களை அவ்வப்போது சோதிக்கச் சொன்னது. பி12 செடிகொடிகளில் கிடைக்காது; சைவ உணவுக்காரர்களுக்குப் பாலும் தயிரும்தான் வழி. அத்தை பிறந்ததிலிருந்து சைவம். பதினான்கு ஆண்டாக மெட்ஃபார்மின். உணவு ஒவ்வாமைப் பட்டியல் பாலையும் நிறுத்தியிருந்தது. பி12 குறைந்தால் நரம்புகள் கெடும், பாதம் எரியும். சர்க்கரையாலும் பாதம் எரியும் என்பதால் முதல் மருத்துவர் அதோடு நின்றுவிட்டார். இரண்டாமவர் எல்லாவற்றையும் தேடி, கையில் கிடைத்ததைக் கூட்டத்தில் தொலைத்துவிட்டார்.

மைசூரில் ஒரு பொதுநல மருத்துவரிடம் அழைத்துப் போனேன். பாதத்தில் அதிர்வுக் கவையை வைத்துப் பார்த்தார், என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார், எத்தனை ஆண்டாக மெட்ஃபார்மின் என்று கேட்டார். இருபது நிமிடம் ஆயிற்று. பி12 ஊசி போடச் சொன்னார். மெட்ஃபார்மினை நிறுத்தச் சொல்லவில்லை. சில மாதத்தில் எரிச்சல் பாதிக்கு மேல் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. நீண்ட நாள் பட்டினி கிடந்த நரம்பு முழுதும் மீள்வது எல்லோருக்கும் நடப்பதில்லை. இரண்டு ஆண்டுக்கு முன்பே யாராவது கேட்டிருந்தால் இன்னும் தேறியிருக்கலாம்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். செயல்பாட்டு மருத்துவம் எழுப்பும் புகார் நியாயமானது: நோயாளியைக் கேட்க நேரமில்லாத மருத்துவம் பாதி மருத்துவம். அது தரும் வாழ்க்கைமுறை அறிவுரையில் பெரும்பகுதி நல்லது. ஆனால் ஒரு மருத்துவ முறை என்ற வகையில் நம்பத்தக்கது என்ற தகுதியை அது இன்னும் பெறவில்லை. தன் சோதனைகளையும் மாத்திரைகளையும் குலுக்கல் சோதனைக்கு உட்படுத்தி, பலிக்காதவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கினால் பெறும். மைசூர்ப் பேரேட்டைப் புரட்டியவர்கள் அதைத்தான் செய்தார்கள்.

இப்படி ஒரு கோப்பு உங்கள் வீட்டிலும் இருந்தால், அதை எழுதியவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். இந்தச் சோதனையின் முடிவைப் பொறுத்து என் சிகிச்சை மாறுமா? இந்த மாத்திரையை எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்களா? இதை விற்பதில் உங்களுக்குப் பங்கு உண்டா? பலனில்லை என்று எப்போது, எதை வைத்து முடிவு செய்வீர்கள்? நல்ல மருத்துவர் எந்த முறையைச் சேர்ந்தவராயினும் இவற்றுக்குக் கோபப்பட மாட்டார். இன்சுலினையோ தைராய்டு, இரத்த அழுத்த மாத்திரையையோ யார் சொன்னாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள். சாப்பிடும் பொடி, கேப்சூல் எல்லாவற்றையும் உங்கள் வழக்கமான மருத்துவரிடம் காட்டுங்கள். பல ஆண்டாக மெட்ஃபார்மின் எடுக்கும் சைவ உணவுக்காரர் வீட்டில் இருந்தால், பி12 பார்த்தாயிற்றா என்று அடுத்த முறை கேட்டுவிடுங்கள்.

அத்தை இப்போது தயிர் சாப்பிடுகிறாள். சர்க்கரை இருப்பதால் புளியோதரை ஒரு கரண்டிதான். ஆனால் பயமில்லாமல் சாப்பிடுகிறாள்.